வளையல்காரருக்கு ஓர் இலை

கலியாணசுந்தரத்துக்குச் சாகப் பயமில்லை. செத்த பிறகு பட்டினி கிடக்கத்தான் பயம்.

முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வருஷம் ஆகட்டும், அடுத்த வருஷம் ஆகட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப் போட்டதில் தலை நரைத்ததுதான் மிச்சம். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் கொஞ்சம் நிலம், மன்னார்குடியில் ஒரு தம்பி. நிலம் தம்பிக்கு, பதிலுக்கு வருஷா வருஷம் அவன் தமக்குத் திதி கொடுக்க வேண்டும். வக்கீலிடம் இப்படி உயில் எழுதி வாங்கி, நகலை ஊருக்கு அனுப்பினார். பதில் நான்கு பக்கத்துக்கு வந்தது. நிலத்தில் எத்தனை மரம், ஆகஸ்டில் மலாயாவுக்கு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்துவிட்டால் நம் கையை விட்டுப் போய்விடுமா என்று ஒரே கேள்வி. திதியைப் பற்றி ஒரு வரி கிடையாது. மனுஷனுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வேறு யார் இருக்கிறார்கள்?

உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். நாலு மாதமாக அவர் வாடகைக்கு இருக்கும் காஜா பெராங் தெரு வீட்டுக்காரர் இராமலிங்கம், மலாக்காச் செட்டி; எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வம்சம். நெற்றி நிறையத் திருநீறு, வாய் திறந்தால் மலாய். போகியன்று மத்தியானம் கிராணியார் காகிதத்தோடு அவர் கூடத்துக்குப் போனார்.

"கொஞ்சம் பொறுங்க, அண்ணே. பெரியவங்க சாப்பிட வர்ற நேரம்" என்றாள் இராமலிங்கத்தின் மனைவி தெய்வானை. சொன்னது மலாயில், 'அண்ணே' மட்டும் தமிழ்.

கூடத்தில் ஏழு வாழையிலை விரித்திருந்தது. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. செத்துப்போனவர்களுக்கான படையல். யாருக்கு எது பிடிக்குமோ அது அவரவர் இலையில். இராமலிங்கத்தின் அப்பாவுக்கு நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறும் ஒரு சுருட்டும். அத்தைக்கு இறால் சம்பாலும் வெற்றிலையும். ஐந்து வயதில் போன தங்கைக்கு இரண்டு மிட்டாய். கடைசி இலையில் மட்டும் பால் ஊற்றாத கோப்பி ஒரு கிளாஸ், பக்கத்தில் இரண்டு ரொட்டித் துண்டு.

"இது யாருக்கு?"

"வளையல்காரருக்கு."

"உங்க சொந்தமா?"

"இல்ல. எங்க அப்பா காலத்துல வாடகைக்கு இருந்தவர்" என்றார் இராமலிங்கம். "நாப்பது வருஷத்துக்கு முன்ன விஷக் காய்ச்சல் வந்தப்ப இங்கேயே போயிட்டார். கடைசியா கோப்பியும் ரொட்டியும் கேட்டாராம்."

"பேரு?"

"தெரியாது."

"எந்த ஊரு?"

"கப்பல்ல வந்தவர். அதுக்கு மேல தெரியாது."

"முன்ன பின்ன தெரியாதவருக்கு நாப்பது வருஷமாவா?"

தெய்வானை அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நம்ம வீட்டுல கண்ணை மூடினார். வேற எங்க போய்ச் சாப்பிடுவார்?"

கிராணியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வீட்டார் வெளியே வந்து நின்றார்கள், அவரும் நின்றார். உள்ளே ஊர் பேர் தெரியாத ஒருவர் உரிமையோடு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அதில் கிராணியாருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கடல் கடந்து வந்தவனுக்கு இவ்வளவு பெரிய சொத்து கிடைக்கும் என்று எந்த வக்கீலும் அவருக்குச் சொன்னதில்லை.

கதவு திறந்ததும் கிராணியார், "நிலத்தை உங்க பேருக்கே எழுதிடறேன்" என்றார். "எனக்கும் ஓர் இலை..."

இராமலிங்கம் சிரித்துவிட்டார். "உயில்ல பேர் இருக்கிறவன் சாட்சி போடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நிலம் தம்பிக்கே இருக்கட்டும். ஓர் இலை போட நிலமா கேட்போம்?"

கிராணியார் பேனாவைத் திறந்தார். திதி பற்றிய வரியை ஒரே கோடாக அடித்தார். திருத்தத்துக்குப் பக்கத்தில் மறக்காமல் கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷப் பழக்கம் எங்கே போகும்? அதன் கீழே இராமலிங்கமும், அவர் கூப்பிட்டு வந்த எதிர்வீட்டுக்காரரும் சாட்சி போட்டார்கள்.

தெய்வானை கேட்டாள்: "அண்ணே, உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?"

கிராணியார் பேனாவை மூடினார். இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மொச்சைக் கொட்டைப் புளிக்குழம்பு."

அவள் கேள்விப்பட்டதே இல்லை. "எப்படின்னு சொல்லுங்க. நாளைக்கே வைக்கிறேன்."

"நாளைக்கேவா? எனக்கு இன்னும் நாள் இருக்கே."

"அதுக்குத்தான். உயிரோட இருக்கும்போதே உப்பு புளி சரியான்னு சொல்லிடுங்க. அப்புறம் உங்களை எங்க போய்க் கேட்கிறது?"