படியேறிய தண்ணீர்

"இந்தக் குளத்துத் தண்ணிய மூணு படி ஏத்தி, வராண்டாவுல நடக்க வுட்டு, செகரட்டரி சாகேப் பூட்ஸைத் தொட்டுக் கும்பிட வெக்கிறேன். பாத்துக்கோண்ணே!"

ஆரோக்கியமேரி இதைச் சொன்னபோது கலியன் பம்பு அறையில் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். புனே கேம்ப்பில் இருந்த அந்த கிளப்பின் நீச்சல் குளத்துக்கு அவர்தான் பம்பு ஆப்பரேட்டர். அவர் மோட்டாரைப் போட்டால் தண்ணீர் நகரும், நிறுத்தினால் நிற்கும். தண்ணீருக்குத் தனியாக ஒரு புத்தி உண்டு என்று எவராவது சொன்னால் அவருக்கு ஆகாது.

"குளத்தச் சுத்தி வாய்க்கா இருக்குது. எந்த அலை வந்தாலும் அது குடிச்சிடும். அதையும் தாண்டி மூணு படியா? உன் வாய்க்கு ஒரு வால்வு வெக்கணும் மேரி."

வைத்தாலும் நிற்காது. கட்கியில் அவள் வீட்டு வாசலில் நின்று மகனைக் கூப்பிட்டால், ஸ்டேஷனில் நிற்கிற ரயில் பச்சை விளக்குக்குக் காத்திராமல் கிளம்பிவிடும். ஆனால் கிளப்பில் அவள் பெண்கள் உடைமாற்றும் அறையின் ஆயா. பழுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு துண்டு மடிப்பது, தரை துடைப்பது, விட்டுப்போன கம்மலைத் தேடிக் கொடுப்பது. இரண்டாயிரத்து மூன்றில், மழைக்காலத்துக்குச் சற்று முன்பு வரை அவ்வளவுதான்.

அப்போதுதான் தண்ணீர் உடற்பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஷீலா, துபாய்க்குப் போய்விட்டாள். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் முழங்கால் போனவர்கள், இடுப்பு பிடித்தவர்கள். மூட வேண்டியதுதான் என்றார் செகரட்டரி. பாணேரிலிருந்து மகன் காரில் வருகிற ருக்மிணி மாமி, வாக்கரைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இந்த மேரி துண்டை வெச்சுண்டு தினமும் கரையில நின்னு பார்த்திருக்காளே! அவளே எடுக்கட்டும். நாங்க என்ன ஒலிம்பிக்ஸுக்கா போறோம்?"

செகரட்டரி சம்மதித்தார். ஆண்டு விழாவில் கமிட்டி வந்து பார்க்கும். வகுப்பு நன்றாக இருந்தால் மேரிக்குப் பயிற்சியாளரின் நீல டீ-ஷர்ட். அதுவரை பழுப்புக் கோட்டு. கிளப்பின் பழைய சட்டம் ஒன்றையும் மறக்காமல் நினைவுபடுத்தினார்: மெம்பர்கள் குளிக்கிற தண்ணீரில் வேலைக்காரர்கள் கால் வைக்கக்கூடாது. நீல டீ-ஷர்ட் போட்டவர்கள் மட்டும் இறங்கலாம்.

முதல் நாள் மேரி கரையில் நின்று குதித்த குதியில் தரை ஓடுகள் பிளக்காமல் இருந்தது கட்டிய கொத்தனாரின் புண்ணியம். "ஏக், தோ, தீன், சார்!" என்று அவள் பட்டாசுச் சரமாக எண்ண எண்ண, தண்ணீருக்குள் இருந்தவர்கள் அந்த வேகத்துக்குக் குதிக்கப் பார்த்துத் தடுமாறினார்கள். ஒருத்தியின் முழங்கை இன்னொருத்தியின் மூக்கில். மாமி ஒரு வாளி குளோரின் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நீ காத்துல குதிக்கறே. நாங்க தண்ணியில குதிக்கறோம். ஒரு தரம் இறங்கிப் பாருடி, அப்போ தெரியும்!"

திங்கட்கிழமை குளத்துக்கு விடுமுறை. பம்பு அறை வாசலில் வந்து நின்ற மேரி குளத்தையே பார்த்தாள். கலியன் வாட்ச்மேன் இருக்கும் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"நான் குளோரின் டப்பா எடுத்தாரப் போறேன். நான் எதையும் பாக்கல. மாட்டுனா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும், சீக்கிரம்."

டப்பாவோடு திரும்பியபோது அவள் கோட்டோடு மார்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். வாய் மூடியிருந்தது. இத்தனை வருஷத்தில் மேரி பேசாமல் இருந்து அவர் பார்த்ததில்லை. மாரடைப்போ என்று பயந்துவிட்டார்.

"இது திருப்பித் தள்ளுதுண்ணே," என்றாள் மெதுவாக. உள்ளங்கையை விரித்துத் தள்ளினாள், பிறகு கத்தி மாதிரித் திருப்பி வீசினாள். "கைய விரிச்சா மல்லுக்கு நிக்குது. ஒடுக்குனா வழி வுடுது. அவசரப்பட்டா அதுக்குப் புடிக்கல. நான் என்னாத்த எண்ணிக்கிட்டு இருந்தேன், பைத்தியக்காரி!"

பிறகு குதித்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"முட்டி வலிக்கவே இல்லண்ணே. என் ஒடம்ப யாரோ கையில வாங்கி வெச்சிக்கிட்ட மாதிரி இருக்குது."

சுவர் வரைக்கும் நடந்து சட்டென்று திரும்பினாள். அவள் கூடவே வந்துகொண்டிருந்த தண்ணீர் திரும்பவில்லை. நேரே வந்து நெஞ்சில் மோதி அவளைப் பின்னால் சாய்த்தது. விழுந்து, இருமி, எழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் மூன்று படிப் பந்தயம் பிறந்தது.

அடுத்த வகுப்பிலிருந்து கரையில் நின்றது வேறொரு மேரி. காற்றில் கையைத் தள்ளும்போதே அவளைச் சுற்றித் தண்ணீர் நிற்பதுபோல் இருந்தது. கால் மெல்ல எழும், மெல்ல இறங்கும், அவள் "தோ" சொல்வதற்குள் கலியன் ஒரு பீடியைப் பற்றவைத்துவிடலாம். பெண்களின் தலைகள் ஒரே நூலில் கோத்ததுபோல் எழுந்து தாழ்ந்தன. மழைக்காலம் முடிவதற்குள் மாமியின் வாக்கர் அவள் மகன் காரின் டிக்கியில் துருப்பிடிக்க ஆரம்பித்தது.

தண்ணீருக்குள் குதித்தவர்களுக்கு முழங்கால் சரியாயிற்று. ஓட்டின் மேல் குதித்துக் காட்டியவளுக்கு வீங்கியது. கோட்டுக்கு அடியில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள்.

"குதிக்காம வாயால சொல்லேன்," என்றார் கலியன்.

"கண்ணால பாத்தாத்தாண்ணே அவங்களுக்குக் கால் வரும். நீல சட்டை வரட்டும், அப்புறம் உள்ளயே நின்னு சொல்றேன்."

ஆண்டு விழாவன்று கமிட்டி வராண்டாவில் பிரம்பு நாற்காலிகளில் உட்கார்ந்து கட்லெட் சாப்பிட்டது. நடு மேஜையில் நீல டீ-ஷர்ட் மடித்து வைத்திருந்தது. கலியன் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து தூணோரம் நின்றார்.

பெண்கள் தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையாக நின்றார்கள். "சலோ, நடங்கம்மா!" என்றாள் மேரி. குளத்தின் அகலத்துக்கு ஒரு சுவர் நடப்பதுபோல் நடந்தார்கள். "திரும்பு!" தண்ணீர் வந்து மோதியது; தாங்கினார்கள். அது பின்வாங்கும் கணத்தை அவள் கண்ணால் பிடித்தாள். "இப்ப தள்ளு!" மறுபடியும் நடை, மறுபடியும் திருப்பம். ஊஞ்சலை ஆட்டுவதுபோல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். குளம் முழுவதும் ஒரே தட்டாக இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கத்துச் சுவரோரம் குளத்தின் அடித்தரை ஓடு தெரிந்ததாக வாட்ச்மேன் இன்றைக்கும் சத்தியம் செய்வான்.

வாய்க்கால் குடித்தது, திணறியது, கக்கியது. தண்ணீர் முதல் படியில் கால் வைத்தது. இரண்டாம் படியில் தயங்கிப் பின்வாங்கி, அடுத்த அலையோடு வந்து மூன்றாவதையும் ஏறியது. வராண்டாவின் சிவப்புத் தரையில் கண்ணாடி விரித்ததுபோல் பரவி, செகரட்டரியின் பூட்ஸை நக்கியது. கட்லெட் தட்டோடு கமிட்டி மொத்தமும் காலைத் தூக்கிக்கொண்டது.

கலியன் பம்பு அறைக்கு ஓடினார். மோட்டார் நின்றுதான் இருந்தது. கையை வைத்துப் பார்த்தார், சூடுகூட இல்லை.

அவர் திரும்பியபோது செகரட்டரி மேரியை வராண்டாவுக்குக் கூப்பிட்டு நிறுத்திக் கைதட்டிக்கொண்டிருந்தார். "ஷாபாஷ் மேரி! பம்பாயிலகூட இப்படி ஒரு வகுப்பு கிடையாது," என்றார் ஹிந்தியில். "அதனாலதான் இதைப் பெரிசாப் பண்றோம். அடுத்த மாசம் பம்பாயிலேர்ந்து சர்டிபிகேட் வாங்கின பொண்ணு வருது. எல்லாத்தையும் நீதான் அதுக்குக் கத்துக்குடுக்கணும்." டீ-ஷர்ட்டை நனையாமல் எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். "முதல்ல இதைத் துடைச்சிடு. யாராவது வழுக்கி விழுந்திடப் போறாங்க."

ருக்மிணி மாமி கைப்பிடியைத் தொடாமல் மூன்று படியையும் ஏறி வந்தாள். "நாளைக்குப் பார்க்கலாம்டி," என்று ஈரக் கையால் மேரியின் கன்னத்தைத் தட்டிவிட்டு நேராக நடந்து போனாள்.

மேரி மாப்பை எடுத்துக்கொண்டு அதே படிகளில் இறங்கினாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து.

கலியன் இன்னொரு மாப்போடு வந்து அவள் பக்கத்தில் குனிந்தார். மேல் படியிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"மோட்டார் ஓடல மேரி," என்றார், தலையைத் தூக்காமல். "நானே நிறுத்தினேன், நானே தொட்டுப் பாத்தேன். அதுவாத்தான் ஏறி வந்துச்சி. மூணு படியும்."