நடுவீட்டில் மேனேஜர்

ஊரார் துணியில் இருக்கும் கறையையெல்லாம் எடுக்கத் தெரிந்த சலவைக்கடைக்காரிக்குத் தன் வீட்டு நாயின் வயிற்றுப் பூச்சியை ஒழிக்க முடியவில்லை. மூன்றாவது தடவையாக அதன் வாலடியில் அரிசி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு நெளிந்ததைப் பார்த்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாயின் பெயர் மேனேஜர். குட்டியாக இருந்தபோது அவள் கடையின் அழுக்குக் கூடைக்குள் தானாகவே வந்து படுத்துக்கொண்டது. பிறகு ஒரு துரும்பையும் அசைக்காமல், வருகிறவர் போகிறவரையெல்லாம் முறைத்தபடி கடையைச் சுற்றி வந்தது. அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தாள். இப்போது பகலில் வீட்டைக் காப்பது அதன் வேலை.

முதல் தடவை பூச்சி தெரிந்தபோது கால்நடை டாக்டரம்மா நாயை எடைபோட்டு, அதற்குத் தக்க மாத்திரை கொடுத்தார். பூச்சி போனது, கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. இரண்டாம் தடவை டாக்டரம்மா அவளை உட்காரவைத்து விளக்கினார்.

“இது நாடாப்புழும்மா. மாத்திரை வயித்துல இருக்கறதைக் கொன்னுடும். ஆனா அது வர்றதே தெள்ளுப்பூச்சியாலதான். அரிக்குதேன்னு உடம்பைக் கடிக்கும்போது நாய் தெள்ளை முழுங்கிடும். உள்ள மறுபடியும் புழு வளரும். அதனால நாய்க்குத் தெள்ளு மருந்தும் போடணும், அது படுக்கற துணியெல்லாம் வெந்நீர்ல துவைக்கணும், மூலைமுடுக்கெல்லாம் பெருக்கணும்.”

துவைப்பதை அவளுக்கா சொல்லித்தர வேண்டும்? திரைச்சீலை, மிதியடி, சோபா உறை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கொதிக்கக் கொதிக்க அலசினாள். மாமனார் அறை மட்டும்தான் பாக்கி.

“மாமா, உங்க கம்பளியையும் குடுங்க.”

“எதுக்கு? அந்த மூதேவி என் ரூம் வாசலைத் தாண்டியிருக்கா? நாயைக் குளிப்பாட்டி நடுவீட்ல வெச்சாலும் நாய் நாய்தாம்மா. உன் வீட்டுக்காரன்தான் கேக்கமாட்டேங்கறான்.”

மாமனார் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியை நிறுத்திவிட்டாலும் ஹாரனை நிறுத்தவில்லை. நாய் எதிரில் வந்தால் போதும், சத்தம் தெருமுனை வரை கேட்கும். அவர் அறைக்குள் நாய் போகாது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. அதனால் அவளும் வற்புறுத்தவில்லை.

ஆனால் மூன்றாம் தடவையும் பூச்சி வந்துவிட்டது. “இன்னும் எங்கயோ ஒரு மூலை மிச்சமிருக்கும்மா, தேடுங்க” என்றார் டாக்டரம்மா. கணவனுக்குத் தேடுகிற பொறுமை போய்விட்டது.

“அடுத்த வாரம் தங்கச்சி வர்றா. குழந்தை தவழுது, கையில கிடைச்சதையெல்லாம் வாயில போடுது. நாற்றுப் பண்ணை வெச்சிருக்கற என் சிநேகிதன் நாயைப் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கான். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போவான்.”

அவன் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் அல்ல. ஒவ்வொரு தடவையும் வாயைப் பிளந்து மாத்திரை போட்டு, தொண்டையைத் தடவி விழுங்கவைத்தவனே அவன்தான். அதனாலேயே அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் மாமனார் குனிந்து இடது கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தார். கொசு போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் கடையில் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாடிக்கையாளர்களுக்குப் பின்னால் ஒரு மூட்டையை அணைத்தபடி மாமனார் நின்றிருந்தார். அவர் கடைக்கு வந்து அவள் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் போகும் வரை சுவரில் இருந்த காலண்டரைப் படித்துவிட்டு, மூட்டையை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“வெந்நீர்ல போடும்மா. நல்லாக் கொதிக்கணும்.”

அவள் பிரித்தாள். மாமனாரின் சாம்பல் நிறக் கம்பளி. அதில் கறுப்பு முடி அப்பிக் கிடந்தது. மேனேஜரின் முடி எது என்று அவளுக்குத் தெரியாதா? இழைகளுக்கிடையில் மிளகுத்தூள் மாதிரி தெள்ளின் எச்சம். அவள் பார்க்கும்போதே ஒன்று துள்ளி மேசைமேல் விழுந்தது. இத்தனை நாளாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுஷர்!

“மாமா!”

“கத்தாதம்மா.” அவர் தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “காலமெல்லாம் கிளட்ச் மிதிச்ச காலு. மத்தியானமானா இடது கால் விண்விண்ணுனு தெறிக்கும். எந்தத் தைலத்துக்கும் கேக்கல. ஒரு நாள் நீங்க யாரும் இல்லாதப்ப இவன் வந்து கால்மேல படுத்தான். வலி அப்படியே அடங்கிடுச்சு. அதுலருந்து நீங்க ரெண்டு பேரும் கிளம்பினதும் வந்துடுவான். நீ வர்ற சத்தம் கேட்டா எழுந்து போயிடுவான். நான் சொல்லிக்குடுக்கலம்மா, அவனுக்கே தெரியும்.”

அவளுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைசியில் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். “அதுதான் அந்த மூலை! கம்பளியைத் துவைச்சு, அந்த ரூமையும் சுத்தம் பண்ணுங்க. மாத்திரையும் தெள்ளு மருந்தும் மறுபடி தர்றேன், இன்னைக்கே நாயோட வாங்க” என்றார் அவர்.

“மாமா, இதை நீங்களே உங்க பையன்கிட்ட சொல்லணும். நான் சொன்னா நாயைக் காப்பாத்தக் கதை கட்டறேன்னு நினைப்பாரு.”

“அவன் முன்னாடி என் மானம் போயிடும்மா.”

“மானம் பெருசா, மேனேஜர் பெருசா?”

அவர் கம்பளி காயும் வரை கடையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பண்ணைக்காரர் வேனுடன் வந்துவிட்டார். மாமனாரின் அறைக்கதவு திறக்கவே இல்லை. கணவன் கழுத்துப்பட்டியைக் கையில் சுற்றிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான். குளிப்பாட்டி, மருந்து போட்டுப் பளபளவென்றிருந்த மேனேஜரை அவள் கடைசியாகக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் மாமனார் தன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். கூடத்துக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தார். துவைத்த கம்பளியை இடது கால்மேல் விரித்தார்.

“வாடா.”

மேனேஜர் அவள் கையிலிருந்து நழுவி நேராகப் போனது. கம்பளியை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தக் கால்மேல் தொப்பென்று சாய்ந்து, பெருமூச்சு விட்டது. பழகிய இடம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

கணவன் நாற்காலிக்கு அருகில் வந்தான். “அப்பா... இது எத்தனை நாளா?”

“நான் ரிட்டையர் ஆனதுலருந்து. தெள்ளு இருந்ததே என் கம்பளியிலதான். அதை நான் மறைச்சதாலதான் பூச்சி திரும்பத் திரும்ப வந்துச்சு. நாய் மேல ஒரு தப்பும் இல்ல.” அவர் பண்ணைக்காரரைப் பார்த்துத் திரும்பினார். “தம்பி, உங்க வண்டியில ரெண்டு பேருக்கு இடம் இருக்கா?”

பண்ணைக்காரர் சிநேகிதனைப் பார்த்தார். பிறகு வண்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

கணவன் கையில் சுற்றியிருந்த பட்டியை மெல்லப் பிரித்து ஆணியில் மாட்டினான். “இனிமே உங்க கம்பளியும் வாராவாரம் துவைக்கப் போகணும். தெள்ளு மருந்து நாள் தவறக் கூடாது. குழந்தை இருக்கற வரைக்கும் தரையை நானே துடைக்கறேன்” என்றான். அப்பாவை அதட்டுவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

குளிப்பாட்டிய நாய் நடுவீட்டில் குறட்டை விட்டது.

“மூதேவி” என்றார் மாமனார், காலை அசைக்காமல்.