பூட்ஸைத் தட்டாதவள்

விடிந்தும் விடியாத பொழுதிலேயே, சித்தியவான் பக்கத்துச் செம்பனைக் காட்டில் விக்னேஸ்வரிக்கு இடுப்பு விட்டுப்போனது. குனிந்து குனிந்து உதிரிப்பழம் பொறுக்கியதில் நகக்கண்ணில் முள் ஏறியிருந்தது. அதைவிட வயிறுதான் அதிகமாக எரிந்தது.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளை இடிக்கப்போவதாகத் தோட்ட நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டிய நாளில் சனத்தைத் திரட்டியவள் அவள். இப்போது எல்லாரும் மூன்று வாரத்துக்கு முன் வேலைக்கு வந்த அபிராமியிடம் போய்ப் புலம்புகிறார்கள். வள்ளென்று விழுவதைத் தவிர வேறு தெரியாத மேற்பார்வை மண்டோர் விஸ்வநாதன்கூட அவளுக்குத் தள்ளுவண்டியைப் பிடித்துக் கொடுக்கிறார். யாருக்குத்தான் பொறுக்கும்? விக்னேஸ்வரி முறுக்கிக்கொண்டு இரண்டு கூட்டத்துக்குப் போகவில்லை.

பொறாமைக்காரியின் கண்ணுக்கு எது தப்பும்? பசியாறும் நேரத்தில் கழற்றிய பூட்ஸை அபிராமி அப்படியே மாட்டிக்கொண்டாள். தேளோ பூரானோ இருக்குமென்று கவிழ்த்துத் தட்டாமல் தோட்டத்துப் பிள்ளை எதுவும் காலை விடாது. தாப்பா தோட்டத்தில் வளர்ந்தேன் என்று இவள் சொன்னது பச்சைப் பொய்.

"யாருடி நீ?"

அபிராமியின் முகம் வெளுத்தது. "மொதலாளி மகக்கா. அந்தக் காலத்துல ராஜாவெல்லாம் மாறுவேஷத்துல போவாங்களே, அப்படித்தான். உங்க கஷ்டத்த நேர்ல பாத்து அப்பாகிட்ட சொல்லலாம்னு..."

"ராஜா வேஷத்தக் கலைச்சிட்டு அரண்மனைக்குப் போயிருவான். நீ ஈப்போவுக்குப் போயிருவ. நாங்க எங்கலா போறது?"

அபிராமி அழுதாள். அந்த அழுகைமீதும் விக்னேஸ்வரிக்குப் பொறாமை வந்தது. திரும்பிப்போக வீடிருப்பவளின் அழுகை அது.

"அப்பா காதுல ரகசியமா சொல்ல வேணாம். நாளைக்குக் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு அவரக் கூட்டிட்டு வா. நீ யாருன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு."

அன்று சாயங்காலம் விக்னேஸ்வரி வீம்பை விழுங்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?" என்றாள் பக்கத்து வீட்டு வீரம்மா.

"பொறாமைலா வீரம்மா. வீடு போவப்போற நேரத்துல கதவ அடைச்சிட்டு உக்காந்துட்டேன். என் தப்புதான்."

வீரம்மா நகர்ந்து பாயில் இடம் விட்டாள். அபிராமி யாரென்பதை விக்னேஸ்வரி சொன்னதும் எல்லாரும் நெருங்கி உட்கார்ந்து, காலைப் பெரட்டில் என்ன செய்வதென்று பேசினார்கள்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் முதலாளி நாச்சியப்பன் மகளோடு வந்து நின்றார். அபிராமி தான் யாரென்று சொல்லி மன்னிப்புக் கேட்டாள். மண்டோர் பேர் கூப்பிட்டார்.

"வீரம்மா!"

பதில் இல்லை.

"இருளாயி!"

அதற்கும் இல்லை.

"வேலைக்குப் போங்க. வீட்டு விஷயம் அப்புறம் பேசலாம்," என்றார் முதலாளி.

"இப்பவே பேசலாங்க. மாத்து வீடு குடுக்காம லயத்துமேல கை வைக்கக் கூடாது," என்றாள் விக்னேஸ்வரி.

"நீ யாரும்மா?"

விக்னேஸ்வரி வாயைத் திறக்குமுன் வீரம்மா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "இவ எங்க ஆளு, மொதலாளி. அவ சொல்றதுதான் நாங்க சொல்றது."

களத்தில் நின்ற நாற்பது பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள். காட்டுக்குள் ஒருவரும் இறங்கவில்லை.