அவள் வைத்த பேர்

குருவி என்று அவளுக்குப் பேர் வைத்தவள் அறைத் தோழிதான். வந்த முதல் வாரம், ஒரு கிண்ணம் சாதத்தை இரண்டு வேளைக்குப் பங்கு பிரித்து அவள் கொறிப்பதைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, நீ சாப்பிடறியா இல்ல தட்டுக்கு முத்தம் குடுக்கறியா? சரியான குருவி!" என்றாள். பேர் ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு இவள் வைத்த பேர் கலெக்டர். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அங்கே இருப்பவர்களுக்கே உத்தரவு போட்டு வேலையை முடித்துக்கொண்டு வருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

கலெக்டர் அந்த வெளிநாட்டு நகரத்துக்கு ஒரு வருஷம் முன்னாலேயே படிக்க வந்தவள். குருவி வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் காத்திருந்து, பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு நடந்து, சலவைக் கடைக்கு மேலே இருந்த தன் அறையில் பாதியைக் கொடுத்தாள். கீழே துணி உலர்த்தும் இயந்திரங்கள் ஓடும்போது அறையின் தரை வெதுவெதுப்பாக இருக்கும். "நம்ம ஹீட்டர் இதான். வீட்டுக்காரனுக்குத் தெரிஞ்சா இதுக்கும் வாடகை கேப்பான், மூச்சு விடாதே" என்றாள். காய்கறிக் கடையில் எப்போது விலை குறைத்துச் சீட்டு ஒட்டுவார்கள், எந்த நூலகத்தில் விளக்கை அணைக்கும்வரை உட்கார விடுவார்கள், போன வருஷத்துப் புத்தகம் யாரிடம் கிடைக்கும், எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். முடியைக்கூட ஒருத்திக்கு ஒருத்தி வெட்டிக்கொண்டார்கள். குருவி காய்ச்சலில் கிடந்தபோது தன் பரீட்சைப் பாடத்தை மூடி வைத்துவிட்டு நெற்றியில் ஈரத்துணி போட்டவள் கலெக்டர். "கூடப் பொறந்தவகூட இப்படிப் பாத்துக்க மாட்டாம்மா" என்று குருவி வீட்டுக்குப் போனில் சொல்லியிருக்கிறாள்.

அம்மாவிடம் அவள் சொன்னவற்றில் அது ஒன்றுதான் நிஜம். அப்பா தையற்காரர். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து பாதி வேலைதான் வருகிறது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். அதனால் "என்ன சாப்பிட்டே?" என்று அம்மா கேட்டால், நாளுக்கு ஒரு குழம்பும் ஒரு பொரியலும் வாயாலேயே சமைத்துவிடுவாள். வகுப்புக்கு முன் அலுவலகங்களில் தரை துடைக்கப் போவதை "லைப்ரரில பார்ட் டைம்" என்பாள். "நல்ல மெத்தைம்மா, படுத்ததும் தூக்கம் வந்துடுது" என்பாள். அந்த மெத்தை யாரோ தெருவோரம் தூக்கிப் போட்டது. இரண்டு பேருமாகத் தலையில் சுமந்து, சிரிப்பை அடக்க முடியாமல் நடுநடுவே இறக்கி வைத்து, மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கலெக்டர் ஒரு கையில் மெத்தையையும் மறு கையில் போனையும் பிடித்திருந்தாள்.

"யாருக்குடி எடுக்கறே?"

"எங்கம்மாவுக்குத்தான். பாத்தா சிரிப்பாங்க."

அவள் போன் எப்போதும் எதன்மீதாவது சாய்ந்து நிற்கும். அடுப்பு மேடையில் பருப்பு டப்பா மேல், படிக்கும்போது ஜன்னல் விளிம்பில். பழகிப்போய், நாற்காலியைப் போல அதுவும் அறையில் ஒரு சாமான் என்றே குருவி எண்ணிவிட்டாள்.

பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் ஒரு பேக்கரி இருந்தது. நகரம் முழுக்கக் கிளைகள் உள்ள கம்பெனி. கல்லாவில் நின்றது முட்டிவலியால் காலை மாற்றி மாற்றி வைக்கும் ஒரு நடுவயது அம்மாள். மழைக்காக அந்தக் கடையின் வாசலில் குருவி பலநாள் ஒதுங்கியிருக்கிறாள். ஒதுங்கியவள் கண்ணாடிக்கு உள்ளே பார்க்காமல் இருக்க முயல்வதை அந்த அம்மாள் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் கடை மூடும் நேரத்தில் பின்பக்கச் சந்துக்கு வரச் சொல்லி, ஒரு பை நிறைய ரொட்டியைக் கையில் திணித்தாள். விற்காததைக் குப்பைத் தொட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு.

"யார்கிட்டயும் சொல்லாதே. தெரிஞ்சா என் வேலை போயிடும்."

அந்த நாட்டு மொழியில் குருவிக்கு ஒரு சொல் விடாமல் புரிந்த முதல் பேச்சு அதுதான்.

அவள் கலெக்டரிடம் மட்டும் சொன்னாள். ஒரே தட்டில் பங்கு போடும்போது எங்கே கிடைத்தது என்பதை எப்படி மறைப்பது? கேட்டுவிட்டு, கலெக்டரும் ஒரு சாயங்காலம் துணைக்கு வந்து சந்து முனையில் நின்றாள்.

இரண்டாவது பருவம் தொடங்கி வகுப்புகள் சூடுபிடித்திருந்தன. ஒரு நாள் மதியம் உணவுக்கூடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது குருவி பின்னால் நின்ற பெண்ணிடம் "கொஞ்சம் தள்ளுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். புதிதாகச் சேர்ந்த மாணவி அவள். கண்கள் விரிந்தன.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க குருவிதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குரல்தான்! வீடியோவுல கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு."

அந்தப் பெண் போனை நீட்டினாள். 'குருவியும் நானும்' என்று ஒரு சேனல். அதில் அந்த அறை, அந்த அடுப்பு, அந்த மெத்தை. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிட்டுக்குருவி பொம்மை ஒட்டியிருந்தது. குரல் மட்டும் அவளுடையது. "இன்னிக்கு நம்ம குருவி என்ன பண்ணினான்னு பாருங்க" என்று கலெக்டரின் குரல் குழைந்தது. கீழே ஆயிரக்கணக்கில் கருத்துகள். பாவம் என்றார்கள், செல்லம் என்றார்கள், இதற்கு எதற்கு வெளிநாடு என்றார்கள்.

ஒரு வீடியோவுக்குத் தலைப்பு 'குருவி அழுத நாள்'. அப்பாவின் கண் அறுவை சிகிச்சை மறுபடியும் தள்ளிப்போனது என்று கேட்டு அழுத நாள் அது. கலெக்டர் வந்து அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகைத் தடவி, "எல்லாம் சரியாயிடும்டி" என்று சொன்னதெல்லாம் அதில் இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து, ஆடாமல் அசையாமல் எடுத்திருந்தது. அப்படியென்றால், அணைக்க வருவதற்கு முன்னால் போனை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

குருவி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாங்க எல்லாரும் உங்க ஃபேன், அக்கா" என்றாள் அந்தப் பெண். "அந்த ஓசி ரொட்டி வீடியோ பாத்துட்டு நாங்களும் அந்தக் கடைக்குப் போனோம். குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

குருவி வகுப்புக்குப் போகவில்லை. நேராகப் பேக்கரிக்கு ஓடினாள். கல்லாவில் வேறு ஒருத்தி நின்றாள். பின்சந்தில் குப்பைத் தொட்டியைச் சுற்றிப் புதிதாகக் கம்பிக் கூண்டு. விசாரிக்க வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே, கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கடை உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். மடியில் கைப்பை மட்டும் இருந்தது.

குருவி பக்கத்தில் போய் நின்றாள். அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ சொன்னியா?"

குருவிக்கு அந்த மொழியில் விலை கேட்கத் தெரியும், வழி கேட்கத் தெரியும், நன்றி சொல்லத் தெரியும். நம்பினவள் முதுகில் குத்திவிட்டாள் என்று சொல்லத் தெரியாது. "நான் இல்ல. தோழி. என் தோழி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"தோழிகிட்ட யார் சொன்னது?"

அம்மாளுக்குக் கோபம்கூட வரவில்லை. வேறு எதையோ யோசிப்பவள்போல முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேருந்து வந்ததும் கைப்பிடியைப் பற்றி மெல்ல ஏறிப்போனாள்.

அறைக்கு வந்தபோது கலெக்டர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பருப்பு டப்பாவின் மேல் போன். குருவி அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். கலெக்டரின் கத்தி நின்றது.

"யார் சொன்னா?"

"ஏதோ ஒரு பொண்ணு. உலகத்துக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் கடைசியா."

"நானே சொல்லணும்னுதாண்டி இருந்தேன். உன் மூஞ்சிய எங்கயாவது காட்டியிருக்கேனா? உன் பேரு எங்கயாவது இருக்கா?"

"குருவின்னு இருக்கே!"

"அது நான் வெச்ச பேருதானே?"

குருவி அவளையே பார்த்தாள். சொன்னதில் என்ன தப்பு என்று கலெக்டருக்குப் புரியவே இல்லை.

"நான் அழுதப்ப வந்து கட்டிக்கிட்டியே, அது எனக்காகவா, அதுக்காகவா?"

"ரெண்டும்தான்" என்றாள் கலெக்டர். முதல் முறையாக அவள் குரல் இறங்கியது. "சத்தியமா ரெண்டும்தான். எங்கப்பா பணம் அனுப்பறத நிறுத்தி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? இந்தப் பருவத்துக்கு ஃபீஸ் அதுலதான் கட்டினேன். உனக்கு வாங்கின கம்பளி அதுலதான். உன் காய்ச்சலுக்கு மருந்து அதுலதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பே."

"நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியேடி. அந்தம்மாவுக்கு வேலை போயிடுச்சு. தெரியுமா உனக்கு?"

கலெக்டர் வெங்காயக் கையை ஈரத்துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனை எடுத்து ரொட்டி வீடியோவை அழித்தாள். மற்றவை? "அடுத்த ஃபீஸ் கட்டற வரைக்கும் விடுடி" என்றாள், கெஞ்சுகிற குரலில். அடுப்பில் எண்ணெய் புகைந்தது. குருவி போய் அடுப்பை அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கூப்பிட்டாள். குருவி சலவைக் கடையின் படியில் உட்கார்ந்து பேசினாள். அறைக்குள் இனி அவள் வாய் திறப்பதில்லை. வழக்கம்போல அம்மா "என்ன சாப்பிட்டே?" என்றாள். வழக்கம்போல இவள் ஒரு குழம்பைச் சொல்ல வாயெடுத்தாள்.

"அந்த ரொட்டி வீடியோவ ஏன் அழிச்சுட்டாங்க?" என்றாள் அம்மா.

குருவி படியிலிருந்து எழுந்துவிட்டாள். "அம்மா?"

"எதிர்வீட்டு அக்கா ஏதோ வேடிக்கைன்னு காட்டினா. ரெண்டு வார்த்தை கேட்டா போதாதா, என் பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா? அன்னிலேருந்து ஒண்ணு விடாம பாக்கறேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ அவள நிறுத்தச் சொல்லிடுவே. நீ போன்ல சொல்றதெல்லாம் பொய்யி. அவ போடறதுலதான் நீ சாப்பிட்டியா, இளைச்சியான்னு தெரியுது. பெத்த வயிறு என்ன பண்ணும் சொல்லு?" அம்மாவின் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்தப் பொண்ண ரொம்பத் திட்டாதே. உன்னத் தோள்ல சாச்சுக்கிட்டாளே, அதப் பாத்துதான் நான் அன்னிக்குத் தூங்கினேன்."

குருவி பாதிப் பேச்சில் போனை வைத்தாள். அம்மாவிடம் அப்படி வைத்தது அதுவே முதல் தடவை. தன்னை விற்றவளிடம் தன் அம்மாவே வாடிக்கைக்காரியாக இருந்திருக்கிறாள். இதில் யாரைக் கோபித்துக்கொள்வது? அம்மாவிடம் பொய் சொன்னது தான்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் ஆறவில்லை.

உடனே வேறு அறைக்குப் போய்விட வசதியில்லை. அறைக்கு அவள் பங்காகக் கொடுத்திருந்த முன்பணம் ஆண்டு முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். ஆகவே கோபத்தோடு ஒரே கூரையின்கீழ் இருந்தாள். ஒரே அடுப்பில் ஒருத்தி முடித்தபின் ஒருத்தி சமைத்தார்கள். உப்பு தீர்ந்தாலும் கேட்கவில்லை. கலெக்டர் போனை அறை வாசலுக்கு வெளியே, செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வரத் தொடங்கினாள். "பாரு, வெளியதான் இருக்கு" என்பாள். குருவி தலையசைப்பாள். பேச மாட்டாள். குரல் கொடுத்தால்தானே எடுக்க முடியும் என்று ஆரம்பித்தது, பிறகு பேச எதுவுமே தோன்றாமல் போய்விட்டது. குருவி இல்லாத வீடியோக்களை யாரும் பார்க்கவில்லை. சேனல் தானாகவே அடங்கிற்று. கலெக்டர் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனாள்.

மூன்று ஞாயிறு அம்மா கூப்பிட்டும் குருவி எடுக்கவில்லை. நாலாவது ஞாயிறு எடுத்து, "பழைய சாதம், ஊறுகாய்" என்றாள். "சரி" என்றாள் அம்மா.

வேலை போன அம்மாளைத் தேடி அவள் கம்பெனியின் மற்றக் கிளைகளுக்கெல்லாம் போனாள். என்ன சொல்ல வேண்டும் என்பதை வகுப்புத் தோழி ஒருத்தியிடம் அந்த மொழியில் கேட்டு நெட்டுருப் போட்டிருந்தாள். எங்கும் அவள் இல்லை. கடைசிக் கிளையில், அவளோடு முன்பு வேலை பார்த்தவள் குருவியை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க இருக்கான்னு தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன்" என்றாள். நியாயம்தான் என்று குருவி திரும்பி நடந்தாள்.

ஆண்டு முடிந்து முன்பணம் வந்ததும் அவள் நகரத்தின் மறுகோடியில் மூன்று பேரோடு ஓர் இடம் பிடித்தாள். பெட்டியைப் படியில் இறக்கும்போது கலெக்டர் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று இவள் சொல்லவில்லை. பெட்டி கனமாகத்தான் இருந்தது.

கீழே வந்ததும் கலெக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: "என்னிக்காவது மன்னிப்பியாடி?"

"தெரியல" என்றாள் குருவி. அது பொய்யில்லை.

புது இடத்தில் ஒருத்திக்கும் தமிழ் தெரியாது. அவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டார்கள். தன் சொந்தப் பேரைச் சொன்னாள். அவர்களுக்கு அது வாயில் நுழையவில்லை. சுருக்கி வேறு ஏதாவது வைக்கலாமா என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"வேண்டாம்" என்றாள் அவள். நிதானமாக, எழுத்து எழுத்தாக, தன் பேரை அவர்களுக்கு மறுபடி சொல்லிக்காட்டினாள்.