மூச்சு விடும் சுவர்

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அதற்கப்புறம் குறிப்பிட்டுச் சொல்லும்படியாக நடந்த ஒரே காரியம், ஹெர்னெ நகரத்து ஃபோல்க்மார் க்வாஸ்ட் தம் வீட்டு நிலவறைக்குக் காற்றாட்டச் சட்டம் இயற்றியதுதான். அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, நிலவறைப் படிக்கட்டுக்கு மேலே நாலு மூலையிலும் ஆணி அடித்து மாட்டினார். ஆறு பிரிவுகள், ஒன்பது உட்பிரிவுகள். நில அளவை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் எல்லைக்கல் எண்ணியவருக்கு ஒரு ஜன்னலைத் திறப்பதற்கும் உட்பிரிவு தேவைப்பட்டது.

சாரம் இவ்வளவுதான்: காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்து, பத்து நிமிடம் காற்றாட விட வேண்டும். யார் திறப்பது என்று மட்டும் சட்டத்தில் இல்லை. ஏழுக்கும் ஐந்துக்கும் க்வாஸ்ட் பேருந்தில் இருப்பார். சனி ஞாயிறில் மீன் வளர்ப்போர் சங்கத்தில் இருப்பார். ஆகவே மூன்று வருஷமாக ஜன்னலைத் திறந்தவள் அவர் மனைவி அன்னெக்ரெட்.

மூன்று வருஷமாக அவள் ஊரைத் தாண்டவும் இல்லை. ரூகன் தீவில் அவள் அக்கா இருக்கிறாள். இரண்டு வாரம் போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. கேட்கும்போதெல்லாம் க்வாஸ்ட் ஒரே பதில் சொல்வார்: "தாராளமாப் போ. ஜன்னலையும் கூடவே எடுத்துட்டுப் போவியா?"

நிலவறையில் இருபத்துநான்கு மீன்தொட்டிகள். எல்லாவற்றிலும் வெதுவெதுப்பான தண்ணீர், அது இரவும் பகலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூன்று சுவர்களுக்குத் தெர்மாகோல் பலகை ஒட்டியாயிற்று. மண்ணை ஒட்டிய நாலாவது சுவர் மட்டும் மொட்டைச் செங்கல். அதில்தான் தம் மீன் வளர்ப்புச் சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

பக்கத்து வீட்டு ஷிமானியாக் சுவர் பூசுகிறவர். ஒருநாள் எட்டிப் பார்த்து, "இந்தச் சுவரு என்ன பாவம் பண்ணிச்சு? இதுக்கும் பலகைய ஒட்டி, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வச்சிருங்க. ஈரம் ஏறினாத் தானா ஓடும், எறங்கினாத் தானா நிக்கும்" என்றார்.

"சுவர் மூச்சு விடணும், ஷிமானியாக்."

"நானும் முப்பது வருஷமா சுவரோடதான் குடும்பம் நடத்துறேன். ஒண்ணுகூட இதுவரைக்கும் தும்மினதில்ல."

"இது எங்க தாத்தா கட்டின சுவர். காத்தாட விடுறதுக்கு மிஷின் வைக்கிறவன், நாளைக்கு மூக்குச் சிந்தவும் மிஷின் வைப்பான்."

குளிர்காலத்தில் சட்டம் வென்றது. வெளியே உறைந்து கிடந்த காற்று வறண்ட காற்று. அன்னெக்ரெட் ஜன்னலைத் திறந்தால் அது உள்ளே புகுந்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போயிற்று. அந்தப் புகழைக் குளிர்காலத்துக்குக் கொடுக்க க்வாஸ்டுக்கு மனமில்லை. மாவட்டச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். ஆகஸ்டில் மூவர் குழு வந்து பார்க்கும், திருப்தியானால் அவர்தான் மாவட்ட மீன் அறை ஆலோசகர், அவருடைய சட்டம் சங்கக் கையேட்டில் ஏறும் என்று பதில் வந்தது.

அன்னெக்ரெட் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆணியில் தொங்குவதை ஒருநாள் கழற்றிவிடலாம். கையேட்டில் ஏறினால் கழுத்தில் ஏறின மாதிரி. அப்புறம் ரூகனைப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.

குழு வந்த அன்று இடி மழைக்கு முந்தின புழுக்கம். ஊரே பிழியாத துணிபோல் கிடந்தது. விருந்தினருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று க்வாஸ்ட் காலையிலிருந்தே ஜன்னல்களைத் திறந்து போடச் சொன்னார். அந்தக் காற்று முழுவதும் இறங்கி வந்து, குளிர்ந்த நாலாவது சுவரைக் கண்டதும் தண்ணீராக உருண்டது. சான்றிதழ்களின் கண்ணாடிக்குள்ளேயும் நீர் கட்டி, மீன் மட்டும்தான் பாக்கி என்கிற நிலை.

குழுத் தலைவர் பல் மருத்துவர் ப்ரொக்ஹோஃப். இரண்டு துண்டு பிளம்ஸ் கேக்கை முடித்துவிட்டுக் கீழே இறங்கினார். சுவரில் ஒரு விரலை வைத்தார். எடுத்தார். சொட்டியது. அன்னெக்ரெட் மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினாள்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ காத்தாட விடுறீங்க?"

"ரெண்டு தடவ, டாக்டர்."

"அதானே பார்த்தேன்! நாலு தடவ விடணும்." மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

அன்னெக்ரெட்டுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் டாக்டர், வெளிக்காத்தே சொதசொதன்னு இருக்கு. அதை உள்ள விட்டா சுவரு எப்படிங்க காயும்?"

"அம்மா, காத்தைக் குத்தம் சொல்லக் கூடாது. அது நம்மள நம்பி வருது."

தீர்ப்பு எழுதப்பட்டது: நாலு வேளைக் காற்றாட்டம், ஒரு மாதம் கழித்து மறுபார்வை, சுவர் காய்ந்திருந்தால் பதவி. க்வாஸ்ட் அன்றே சட்டத்தைத் திருத்தினார். ஏழு, பத்து, ஒன்று, நாலு. நாலு வேளையும், என்ன அதிசயமோ, அவர் வீட்டில் இல்லாத வேளைகளாகவே அமைந்தன.

"நான் திங்கக்கெழம ரூகன் போறேன்" என்றாள் அன்னெக்ரெட். "ஒரு மாசம்."

"இந்த நேரத்திலயா? என் பதவி?"

"ஷிமானியாக் வேலையில்லாம சும்மா இருக்காரு. சாவி குடுத்துட்டேன். சனி ஞாயிறும் வந்து போவாரு."

க்வாஸ்ட் யோசித்தார். ஆள் படிக்காதவன், எழுதினதை அப்படியே செய்வான். சட்டத்தின் பிரதி ஒன்றை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஷிமானியாக் நின்றபடியே அதை முழுக்க வாசித்து, "அந்த ஏழாவது உட்பிரிவு ரொம்ப உருக்கமா இருக்குங்க" என்றார்.

திங்களன்று க்வாஸ்டின் பேருந்து கிளம்பியதும், ஷிமானியாக் துளைக்கருவியோடு வந்தார். தொட்டி அலமாரிக்குப் பின்னால், அந்தக் காலத்தில் நிலக்கரி கொட்டிய துவாரம் ஒன்று அடைத்துக் கிடந்தது. அதைத் திறந்து உள்ளே எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தினார். அன்னெக்ரெட் டார்ச் பிடித்தாள். பன்னிரண்டு காற்றுப் பம்புகளின் ரீங்காரத்தில் பதின்மூன்றாவது சத்தம் யார் காதிலும் தனியாக விழாது. பதினொரு மணி ரயிலில் அவள் ஏறிவிட்டாள்.

க்வாஸ்ட் மாலைதோறும் ஈரப்பதமானியைப் பார்த்துக் குறித்தார். எழுபத்தெட்டு. அறுபத்தாறு. ஐம்பத்தேழு. தொலைபேசியில் ரூகனுக்கு அறிவித்தார்: "சுவர் மூச்சு விடுது, அன்னெக்ரெட்! என் கண்ணால பாக்குறேன்!"

"நானும் இங்க அதத்தான் பண்ணிட்டிருக்கேன்" என்றாள் அவள், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு.

குழு மறுபடி வந்தது. ப்ரொக்ஹோஃபின் விரல் காய்ந்தபடியே திரும்பியது. கைதட்டல். பதவி. கையேட்டில் 'நாலு வேளைக் காற்றாட்டம்: ஒரு ஹெர்னெ சாதனை' என்று பதினோரு பக்கம், க்வாஸ்ட் ஜன்னல் கொக்கியைப் பிடித்தபடி நிற்கும் படத்தோடு.

அந்த ஒரு மாதமும் அந்த ஜன்னல்களை யாரும் திறக்கவில்லை.