பன்னிரண்டு சிவப்புத் தொப்பி

மார்ச் 9, ஞாயிறு. இன்று பிள்ளைகளை எண்ணாமல் அவர்களுடைய தொப்பிகளை எண்ணிவிட்டேன்.

மாலை வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை, ஆளுக்கொரு சிவப்புத் தொப்பியோடு, வயல் பக்கம் நடக்கக் கூட்டிப்போனோம். டீச்சர் முன்னால் போனார், அவருக்குத் துணையாக வந்த நான் கடைசியில். வாய்க்காலைத் தாண்டியதும் எண்ணினேன். பன்னிரண்டு சிவப்புத் தொப்பிகளும் இருந்தன. அதில் ஒன்று ஒருவனுடைய குச்சி நுனியில் ஆடுவதைப் பிறகுதான் கவனித்தேன்.

"அது யாரோடதுடா?"

"வாலுவோடது அக்கா. பிடிச்சுக்கோன்னு குடுத்தா."

திரும்பி ஓடினேன். எல்லாரும் வாலு என்று கூப்பிடும் அந்தச் சிறுமி கரையில் உட்கார்ந்து, ஷூவுக்குள் போன கல்லைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போன?"

"நான் எங்கயும் போகல. நீங்கதான் விட்டுட்டுப் போனீங்க."

டீச்சர் இதைக் கவனிக்கவில்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆனால் அது சரியில்லை. நாளை மாலை வகுப்புக்கு முன், வாலுவின் அம்மாவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும்.