சிவப்புப் பள்ளம்

என் வீட்டுக்காரர் செந்தில்வேலுக்கு இரண்டு குடும்பம். ஒன்று நான். இன்னொன்று, விமானப்படை மெக்கானிக்குகளின் பழைய டூல் பாக்ஸ்கள். சூலூர்ப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடி வாங்கி, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, ஹாலில் அடுக்கியிருக்கிறார். பிழைப்பு என்னவோ பனியன் கம்பெனிகளில் நிட்டிங் மிஷின் ரிப்பேர்தான்.

அந்தப் பெட்டிகளில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே ஒரு பள்ளம் உண்டு. பள்ளத்தின் அடி சிவப்பு. விமானத்துக்குள் ஒரு ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டால், பெட்டியில் அதன் பள்ளத்துச் சிவப்பு பளிச்சென்று தெரியும். அந்த ஸ்பேனர் கிடைக்கும்வரை விமானம் கிளம்பாது. இவருக்கோ சிவப்பு தெரிந்தால் பொறுக்காது. வாங்கும்போதே இல்லாதவற்றின் இடத்தில் லோக்கல் ஸ்பேனரைப் பாலிஷ் போட்டுச் சொருகிவிடுவார். "பல்லுப் போன வாயாட்ட இருக்குது அம்மிணி" என்பார்.

அன்று மதியம் கரண்ட் கட். பெருமாநல்லூர் கம்பெனியில் வேலை முடித்து வந்து, சாப்பிட்டுப் படுத்திருந்தார். சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பெட்டிகளைப் பார்க்க வருவதாக இருந்ததால் நான் துடைத்துக்கொண்டிருந்தேன். விமானப்படை ஸ்பேனரில் பெட்டியின் எண் வெட்டியிருக்கும். பச்சைப் பெட்டியில் போன வாரம் எண்ணோடு இருந்த சின்ன ஸ்பேனரில் இன்று எண்ணைக் காணோம்.

"ஏனுங்க, இதுல இருந்தது எங்கீங்க?"

"அந்தக் கம்பெனிப் பழைய மிஷினுக்கு இஞ்ச் சைஸ்தான் சேரும், நம்மகிட்ட அது இந்தப் பொட்டியிலதான் இருக்குது. எடுத்துட்டுப் போனேன். பள்ளம் வெறுமனே இருக்க வேண்டாம்னு வேறொண்ணை வெச்சேன்."

"எடுத்துட்டுப் போனது எங்கீங்க?"

எழுந்து உட்கார்ந்தார். சட்டைப் பை, வண்டிப் பெட்டி எல்லாம் தடவினார்.

"கரண்ட் போயி, இருட்டுல மூடியை மாட்டினேன். உள்ள பல்சக்கரத்து மேலயே வெச்சுட்டனாட்ட இருக்குது."

கரண்ட் வந்து அந்த மிஷின் சுற்றினால் ஸ்பேனர் மூடியைப் பிய்த்துக்கொண்டு தெறிக்கும். அதன் முன்னால் நின்று ஓட்டுபவள் ஆஷா, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், எனக்கும் பழக்கம். கம்பெனிக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. கரண்ட் இல்லாவிட்டால் எல்லோரும் டீக்கடையில்தான்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்கத் திட்டினேன். திட்டாமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன். ரோட்டோரக் கடைகளில் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். முருகா, இன்றைக்கு மட்டும் கரண்ட் வராமல் இருக்கட்டும். கம்பெனிக்கு முந்தின வளைவில், ஒரு பேக்கரியில் ஃபேன் சுற்றியது.

உள்ளே ஓடினோம். டியூப் லைட் எரிந்தது. மற்ற மிஷின்கள் இரைந்தன. ஆஷாவின் விரல் சுவிட்ச் மேல் இருந்தது. கத்தினேன், இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. அவள் தற்செயலாகத் திரும்பினாள். என்னைப் பார்த்துச் சிரித்து, அந்தக் கையையே தூக்கி வணக்கம் வைத்தாள்.

ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இவர் மூடியைக் கழற்றினார். ஸ்பேனர் பல்சக்கரத்தின் மேலேயே கிடந்தது.

"என்னக்கா, இவ்ளோ தூரம் வந்திருக்கிய?"

இவரே பதில் சொல்லட்டும் என்று கையை விடாமல் நின்றேன்.

"உன்ற மிஷினுக்குள்ள இதை மறந்து வெச்சுட்டுப் போயிட்டேன் கண்ணு" என்றார். அவளுடைய சிரிப்பு மெல்ல நின்றது.

சாயங்காலம் கோயம்புத்தூர்க்காரர் வந்தபோது, எல்லாப் பெட்டிகளிலிருந்தும் லோக்கல் ஸ்பேனர்களைப் பிடுங்கித் தரையில் குவித்திருந்தார் இவர். ஹால் முழுக்கச் சிவப்பு.

"இத்தனை குறையுதுங்களா?" என்றார் வந்தவர்.

"ஆமாங்க, குறையுதுங்க" என்றார் இவர்.